காற்றுக்கும் ஒரு வாட் கணக்கு

சைக்கிளின் பவர் மீட்டர் நேர்மையான கருவி. மிதிக்கிற விசையில் கிராங்க் எவ்வளவு நெளிகிறது, எத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து வாட் கணக்கைச் சொல்லிவிடும். அதோடு விடுவோமா? “எதிர்க்காற்று எவ்வளவு?” என்றும் அதனிடமே கேட்கிறோம்.

பதில் உண்டு; நிபந்தனைகள்தான் கொஞ்சம் அதிகம். மொத்த வாட்டில் மேட்டுக்கும், டயர் உராய்வுக்கும், வேகமெடுத்ததற்கும் உரியதைக் கழித்தால் மிச்சம் காற்றின் பங்கு. ஆனால் ஓட்டுகிறவர் ஜிப்பைத் திறக்காமல், மூக்கைச் சொறியாமல் சிலையாக இருக்க வேண்டும். சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாலும் கருவிக்கு அது புயல்.

இதை நம்பாதவர்கள் ஹேண்டில்பாரில் பிட்டோ குழாய் மாட்டுகிறார்கள். 1732இல் ஆன்ரி பிட்டோ பாரிஸின் சேன் ஆற்றோட்டத்தை அளந்த வித்தை அது. விமானம் ஏறி, இப்போது சைக்கிளுக்கு இறங்கியிருக்கிறது. காற்றசையாத நாளில் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் அது உணரும் அழுத்தம் சுமார் 60 பாஸ்கல். அதாவது, 6 மில்லிமீட்டர் தண்ணீர் தரும் அழுத்தம். ஒரு லாரி முந்தினால் அந்தக் கணக்கும் லாரியோடு போய்விடும்.

வானிலை நிலையத்தைக் கேட்டுச் சரிபார்க்கலாம். அவர்கள் காற்றை அளப்பது 10 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு மிகவும் பயன்படும்.

இத்தனைக்கும் பிறகு திரையில் தசமப் புள்ளியோடு ஓர் எண் வரும். எதிர்க்காற்று என்று காட்டினால் கருவி அபாரத் துல்லியம். பின்காற்று என்று காட்டினால் கருவியில் ஏதோ கோளாறு. அந்த வேகம் முழுக்க நம் கால்களுடையது.