அண்டர்கிரவுண்டு பெரியப்பா

ராபர்ட்சன்பேட்டையில் யாராவது கடைக்கு அடியில் குடோன் கட்டினால், சிமெண்டு காய்வதற்குள் அவர் வந்து எட்டிப் பார்த்துவிடுவார். முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டார்ச். பத்தடிப் பள்ளத்தை அவர் பள்ளமென்றே ஒப்புக்கொள்வதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது, ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அதில் பம்பு ஓட்டியவருக்கு உங்கள் குடோன் வெறும் வாசற்படி.

கோலார் தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்பு லைனுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்க வேலை முடிந்தது. ஷிப்டு போயிற்று, சைரன் போயிற்று; தரைக்குக் கீழே எங்கே தண்ணீர் நின்றாலும் அது தன் பொறுப்பு என்கிற எண்ணம் மட்டும் போகவில்லை. ஊரில் அண்டர்கிரவுண்டு வீடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஆகவே பெரியப்பாவின் திறமை பல வருஷம் தெருமுனை டீக்கடையில் வாயளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் அங்கேயே ஃப்ளாட் வாங்கினார்கள். ஃப்ளாட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் பார்க்கிங். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபுர ரோடு பக்கமெல்லாம் பேஸ்மென்ட்டில் கார்கள் மிதந்தன. பெரியப்பாவின் இரண்டாவது சர்வீஸ் அன்றைக்குத் தொடங்கியது.

அவர் வந்திறங்கும் தோரணையே தனி. லிஃப்டில் ஏறியதும், சுரங்கக் கூண்டு மாதிரி மணியடிக்காமல் இது எப்படி இறங்குகிறது என்று சந்தேகமாகப் பார்ப்பார். கீழே போனதும் முதல் கேள்வி: “மெயின் ஆஃப் பண்ணீங்களா?” யாரும் பண்ணியிருக்கமாட்டார்கள். “ஸ்விட்ச் போர்டு முழுகியிருக்கு, கால வச்சா ஆளே காலி!” என்று கத்தி, முழங்கால் தண்ணீரில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவர்களை மேலே விரட்டுவார். அசோசியேஷன் செக்ரட்டரி நெளிவார்.

“அங்கிள், தண்ணி வத்தினதும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடலாம்னு இருக்கோம்.”

“யாரு அங்கிள்? பெரியப்பான்னு கூப்பிடு. உள்ள அடிப்பியா, வெளிய அடிப்பியா?”

“உள்ளதான்.”

“தண்ணி எந்தப் பக்கம் இருக்குது?”

“வெளிய.”

“அப்ப அது உன் பெயிண்டையும் சேத்துத் தள்ளிக்கினு உள்ள வரும். பில்லு மட்டும் உன்னாண்ட நிக்கும்.”

வந்தது எந்தத் தண்ணி என்று தெரியாமல் பெரியப்பா ஒரு பைசா செலவு பண்ண விடமாட்டார். மழை பெய்த அன்றே வந்து இரண்டு நாளில் வடிந்தால் மேல் தண்ணி. கார் இறங்கும் சரிவின் தலையில் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டிக் கம்பி மூடி போட்டாலே பாதி தீர்ந்தது. மழையில்லாத நாளிலும் ஒரே மூலையில் சொட்டினால் பைப்பு தண்ணி. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ராத்திரி மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். மழை நின்று நாளான பிறகும் தரையும் சுவரும் சேருமிடத்தில் கசிந்து, வெள்ளையாக உப்புப் பூத்தால் ஊத்துத் தண்ணி. அதனோடு சண்டை போட முடியாது. சம்பு தோண்டி வரவழைத்து, வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். சுவர் வெறும் ஈரமாக இருந்தால் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டச் சொல்வார். இரண்டொரு நாள் கழித்துத் தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நின்றால் சுவர்க்கசிவு. முன்னால் நின்றால் காற்றிலிருக்கும் ஈரம், ஒரு ஃபேன் போதும். “கண்ணுக்கே தெரியாத நியூட்ரினோவ 1965-ல எங்க சாம்பியன் ரீஃப்ல ரெண்டு கிலோமீட்டருக்குக் கீழ உக்காந்து புடிச்சாங்க. இது கண்ணுக்குத் தெரியிற தண்ணி. எங்கிருந்து வருதுன்னு புடிக்க மாட்டீங்க?”

இதுவரை சொன்னதெல்லாம் சரி. எந்த எஞ்சினியரும் இதைத்தான் சொல்வார், கொஞ்சம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு. நிரம்பி நிற்கும் தண்ணீரை ஒரே மூச்சில் இறைக்காதே, வெளிமண் ஊறியிருக்கும்போது உள்ளே காலியானால் சுவர் தாங்காது என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்கே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம்.

வம்பு அதற்கப்புறம்தான். ஒரு பம்பு கேட்டால் இரண்டு வாங்கச் சொல்வார்: ஒன்று ஓட, ஒன்று ஸ்டாண்ட்பை. அதற்கு ஒரு ஸ்டாண்ட்பை வேண்டாமா என்று ராத்திரி யோசித்துக் காலையில் மூன்றாக்குவார். கரண்ட் போனதால்தான் பம்பு நின்றது என்று செக்ரட்டரி சமாதானம் சொன்னால் தீர்ந்தது. “1902-லயே காவேரித் தண்ணியில கரண்ட் எடுத்து, சிவனசமுத்திரத்துலேர்ந்து எங்க ஊருக்கு லைன் இழுத்தாச்சு. உங்க ஐடி ஊர்ல பம்புக்குத் தனி லைன் இல்லியா?” என்பார். மூன்று ஷிப்டுக்கு ஆள் போடச் சொல்வார். மணிக்கு ஒருதரம் சம்பின் அளவை நோட்டில் எழுதச் சொல்வார். ஃப்ளோட் ஸ்விட்ச் தானே போட்டு தானே நிறுத்தும் என்று விளக்கினால், ‘தானே’ என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது.

ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டால் செக்ரட்டரிக்குக் கரண்ட் பில் கண்ணில் படும். பம்பை நிறுத்திவிடலாமா என்பார். அப்போதுதான் பெரியப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வரும். “செலவு ஜாஸ்தின்னு எங்க பம்பையும் நிறுத்தினாங்க. இப்ப போய் எட்டிப் பாரு, சாஃப்டு பூரா தண்ணி. அது ஏற ஏற பூமியே ஆடிச்சு, தெரியுமா?” ஆடியது நிஜம்தான், தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தார் அந்தச் சிறு நடுக்கங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். விளைவு, அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்கில் முதல் பொருள்: ‘நமது பில்டிங் ஆடுமா?’ மூன்று பம்பும் ஒருமனதாக நிறைவேறும்.

ஊருக்குத் திரும்பும் வழியில் இன்னொரு கணக்கைத் தீர்ப்பார். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? “நீங்க எறைக்கிறதும் எங்க ஜில்லாவுக்குத்தான் வருது, பாத்து நல்லா எறைங்க” என்பார். மழைத்தண்ணி வேறு, அது வேறு என்றால் காதில் வாங்கமாட்டார்.

அதோடு விட்டாரா? மறுநாளே போன். அப்போது அவர் ஆண்டர்சன்பேட்டையில் தன் வீட்டு வாசலில் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு டேங்கர் லாரிக்காகக் காத்திருப்பார்.

“வாட்ச்மேன், சம்புல எவ்ளோ?”

“தண்ணியே இல்ல, பெரியப்பா.”

“இங்கயும்தான். நோட்ல எழுது.”