சூலியா வீதியின் பதவி இழப்பு: ஓர் ஏற்றுமதி ஆய்வு

ஆர்க் கோப்பு என்பது, வரித் தொடக்கத்தில் நட்சத்திரக் குறிகளை இட்டுத் தலைப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் வெற்றெழுத்து ஆவணம். ஆம்ஸ்டர்டாம் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் ஈமேக்ஸ் என்ற உரைதிருத்திக்காக இம்முறையை உருவாக்கினார். நட்சத்திரமிடும் வழக்கம் அவருக்கு முன்பே ஈமேக்ஸில் இருந்ததால், அதை வானியலோடு முடிச்சுப் போடுவது ஆய்வு நெறியாகாது.

இக்கோப்பு எச்டிஎம்எல் பக்கமாக ஏற்றுமதியாகும்போது தலைப்புகளுக்கு நேரும் கதியை அறியப் பினாங்குத் துறைமுகமே தக்க களம். மலேசியாவுக்கு ஒரு நட்சத்திரம், பினாங்குக்கு இரண்டு, ஜார்ஜ் டவுனுக்கு மூன்று, சூலியா வீதிக்கு நான்கு, சூலியா வீதி ‘காட்’டுக்கு ஐந்து எனக் கொள்க. ஐந்தாம் படி கற்பனையன்று. ஒருகாலத்தில் பீச் வீதியோடு கரை முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற கரையோரச் சாலை எழுந்ததும், கடலை நோக்கிய தெருக்கள் புதுநிலத்தில் நீண்டன. நீண்ட துண்டுகளுக்குக் ‘காட்’ என்ற வால் முளைத்தது.

எச்டிஎம்எல் தலைப்புக் குறிகளுள் முதலான எச்1ஐ ஆவணத்தின் பெயர் எடுத்துக்கொள்வதால் மலேசியாவுக்கு எச்2, பினாங்குக்கு எச்3, ஜார்ஜ் டவுனுக்கு எச்4. எத்தனை படிகள் தலைப்பாகவே நிற்கும் என்பதைக் குறிக்கும் தலைப்பு ஆழத்தின் இயல்பான அளவு 3. அத்தோடு சலுகை முடிகிறது. நாகூர் தர்கா நிற்கும் சூலியா வீதி, தலைப்புப் பதவி பறிபோய், எண்ணிட்ட பட்டியலில் ஓர் உருப்படியாகிறது. தீர்வையில்லாத் துறைமுகமெனப் பேர்பெற்ற ஊருக்கே இந்தத் தீர்வை!

பரிகாரம் இரண்டு. கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் எச் என்பதற்கு எதிரே 5 என எழுதினால் வீதி எச்5 ஆகவும் ‘காட்’ எச்6 ஆகவும் மீளும். ஆசை மிகுந்து 6 என எழுதி, ‘காட்’டிலுள்ள கடைக்கும் ஆறு நட்சத்திரம் அளித்தால் எச்7 பிறக்கும்; எச்டிஎம்எல் எச்6 வரையே அறியும் என்பதால் உலாவி அதைத் தலைப்பாக மதிக்காது.

மற்றது, பினாங்குக் கிளையை மட்டும் ஏற்றுமதி செய்வது. அப்போது பினாங்கே ஆவணத் தலைப்பாகி எச்1 பெறும்; ‘காட்’ எச்4இல் கௌரவமாக அமரும்; ஆழத்தைத் தொடவே வேண்டாம். மலாயாக் கூட்டாட்சியிலிருந்து பினாங்கைப் பிரிக்க 1948இல் எழுந்த இயக்கம் தோற்றது. கோப்பில் அக்காரியம் சில விசைகளில் முடிகிறது.

அடுத்தது கொள்கலன். துறைமுகத்துக் கொள்கலன்கள் எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் கையாளப்படுகின்றன. கோப்பிலோ ஒவ்வொரு தலைப்பும் தன் கொள்கலனுடனேயே வருகிறது. இயல்பில் அது டிவ் என்ற எச்டிஎம்எல் உறுப்பு. தலைப்பின் கீழுள்ள பண்புப் பெட்டியில் எழுதி அதை செக்ஷன் ஆக்கலாம், வகுப்புப் பெயரும் சூட்டலாம். பட்டியலுக்கு இறங்கிய தலைப்புக்கு இவ்வசதி கிடையாது.

இவையும் போதாதவர்கள் எச்டிஎம்எல் பின்தளத்திலிருந்து கிளைப் பின்தளம் ஒன்றை வரையறுத்து, தலைப்பை அச்சிடும் செயற்கூறைத் தாமே எழுதிக்கொள்ளலாம். அதன்பின் ‘காட்’டுக்கு எச்1 சூட்டி, மலேசியாவைப் பட்டியலில் உட்காரவைத்தாலும் ஈமேக்ஸ் ஏனென்று கேட்காது.