கியூ தடிக்கு உதிரிபாகம் விற்றுப் பிழைப்பது எப்படி?

முதல் பாடம்: உங்கள் பெயர் எங்கேயும் வராது. இது மனதில் ஏறிவிட்டால் பாதித் தொழில் கைவந்த மாதிரி.

அமெரிக்காவில் பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கியூ தடியைக் கையால் கடைந்து விற்கும் பட்டறைக்காரர், தன் கையெழுத்தையோ முத்திரையையோ தடியின் அடிப்பாதியில் போட்டுக் கொடுக்கிறார். அந்தத் தடியை இரண்டாகக் கழற்றி மாட்ட உதவும் பின், அதைச் சுற்றிய காலர், முனையில் இருக்கும் பூண், பூண் மேல் ஒட்டிய தோல், அடியில் செருகிய ரப்பர், உள்ளே ஒளிந்திருக்கும் எடை போல்ட் என்று எதிலும் யார் பெயரும் கிடையாது. தடி ஆறு மாதத்தில் லொடலொடத்தால், வாங்கியவர் திட்டப்போவது கையெழுத்துப் போட்டவரைத்தான். பாகம் உங்களுடையது, பணம் உங்களுடையது, வசவு மட்டும் அவருடையது. இவ்வளவு பத்திரமான வியாபாரம் வேறெங்கே கிடைக்கும்?

அடுத்து, உங்கள் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒன்றிரண்டு லேத் வைத்திருக்கும் மனிதர். மேப்பிள் கட்டையை ஒரே மூச்சில் கடைய மாட்டார். மெல்லிசாக ஒரு சீவு சீவி, தொங்கவிட்டு, மரம் முறுக்கிக்கொள்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்து, பிறகு அடுத்த சீவு. கோணிய கட்டையைக் கூசாமல் குப்பையில் போடுவார். இப்படிப்பட்ட பொறுமைசாலி, கடைசியில் ஒரு போல்ட்டுக்கும் ஒரு ரப்பர் குமிழுக்கும் உங்களிடம் கை நீட்டித்தான் ஆக வேண்டும். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. 1959ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கியூ செய்ய ஆரம்பித்து, 1975ல் இறந்து, இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ஜார்ஜ் பலபுஷ்காவே அடிப்பாதிக்கான கட்டையைத் தானே செய்யவில்லை. பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் கட்டைகளை வாங்கி, அதன் மேல்தான் தன் கைவரிசையைக் காட்டினார். மேதைகளே வெளியில் வாங்கும் தொழில் இது. நீங்கள் மேதையாக வேண்டாம், மேதை வாங்கும் இடத்தில் கடை போட்டால் போதும்.

கடையில் முதலில் வைக்க வேண்டியது இணைப்பு பின். இதில் உங்களுக்கு அடித்த அதிர்ஷ்டம், எல்லாருக்கும் பொதுவான ஒரே மரை என்று எதுவும் இல்லை. ஒருவர் 5/16 அங்குலத்தில் 14 மரை கேட்பார், இன்னொருவர் அதிலேயே 18 கேட்பார், மற்றொருவர் 3/8ல் 10 என்பார், அவர் பக்கத்து ஊர்க்காரர் 11 என்பார். பெயர் ஒன்றாக இருந்தாலும் மரையின் அடிப்பள்ளத்து விட்டம் ஆளுக்கு ஆள் மாறும். 3/8-10 பின்னைப் பலர் பித்தளைக் கூடு இல்லாமல் நேராக மேப்பிள் மரத்திலேயே மரை வெட்டித் திருகுகிறார்கள். அதற்கான டேப்பைப் பழைய பின்னுக்கு ஏற்றபடி சாணை பிடித்து வைத்திருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த சரக்கில் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மாற்றிவிடுங்கள், சொல்லாமல். தடித்துப் போயிருந்தால் திருகும்போது மரம் கீச்சிடும். "இறுக்கமாக இருப்பதுதான் சார் தரம்" என்று சொல்லுங்கள். மெலிந்து போயிருந்தால் முன்பாதி ஆடும்; "வழுவழுவென்று சுழல்கிறது பாருங்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு வசனத்தையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. மாற்றிச் சொல்லிவிட்டால் வம்பு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டறைக்காரர்கள் பொட்டலம் வந்ததும் பின்களை ஒரு கருங்கல் பலகையில் உருட்டிப் பார்ப்பார்கள். தட்டையாகத் தேய்த்த கல். எதிர்ப்பக்கம் ஒரு விளக்கு. பின் நேராக இருந்தால் அதன் அடியில் தெரியும் ஒளிக்கோடு அசையாமல் உருளும். கோணியிருந்தால் கோடு கண்ணடிக்கும். கண்ணடிப்பதை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைப்பார்கள். அந்த டப்பா திரும்பி வராது. திருப்பி அனுப்பும் தபால் செலவு பின்னின் விலையைத் தாண்டிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விலை நிர்ணயத்தின் சூட்சுமமே இதுதான்: பாகம் எப்போதும் தபால் செலவைவிட மலிவாக இருக்க வேண்டும்.

காலர் விஷயத்தில் கொஞ்சம் கணக்கு. இணைப்பு முகத்தின் விட்டம் சுமார் 0.84 அங்குலம். அந்த முகம் ஒரு ஓரத்தில் வெறும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தால், 29 அங்குலம் தாண்டி இருக்கும் முனை கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் விலகி நிற்கும். தடியை மேஜை மேல் உருட்டினால் நடு உயரும், தாழும், பார்ப்பவர் முகம் சுளிப்பார். ஆகவே காலரைச் சரியாக வெட்டுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் சரியாக வெட்டி அனுப்பினாலும் அவர் நம்ப மாட்டார்; லேத்தில் ஏற்றி இன்னொரு முறை வெட்டத்தான் போகிறார். எப்படியும் அவர் செய்யப்போகிற வேலையை நீங்கள் ஏன் செய்ய வேண்டும்?

இனி பூண். உலக்கைக்குப் பூண் மாதிரிதான் கியூவுக்கும்: அடி விழும் நுனியில் மரம் பிளக்காமல் காக்கிறது. ஒரு அங்குல நீளம், 13 மில்லிமீட்டர் சுற்றளவில் அல்ல, விட்டத்தில். (சுற்றளவும் விட்டமும் ஒன்று என்று நினைக்கும் ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிறைய மிச்சமாகும்.) ஒரு காலத்தில் இதை யானைத் தந்தத்தில் செய்தார்கள். பந்தும் அப்போது தந்தம்தான். பந்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடித்தால் பத்தாயிரம் டாலர் என்று நியூயார்க்கில் ஒரு பில்லியர்ட்ஸ் கம்பெனி அறிவித்ததும், ஜான் வெஸ்லி ஹயாட் செல்லுலாய்டில் இறங்கியதும் 1860களின் கதை. பூணில் மட்டும் தந்தம் ரொம்பக் காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2016ல் அமெரிக்கா ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை போட்டது. யானைக்கு நல்லது, உங்களுக்கும் கெட்டதில்லை. இப்போது எல்லாரும் செயற்கைப் பொருளைத்தான் கேட்டாக வேண்டும்.

செயற்கையில் பல ரகம் உண்டு. துணி அடுக்குகளையோ காகிதத்தையோ ரெசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப்படுத்திய மைகார்ட்டாதான் இதில் பேர்போனது. அது கியூவுக்காகப் பிறந்ததல்ல, மின்காப்புக்கும் இயந்திரப் பாகங்களுக்கும் பிறந்தது. பெரிய ஆலைக்குக் கியூ வியாபாரம் என்பது கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதும் தொகை. ஒரு ரகத்தை நிறுத்தும்போது கியூ செய்பவரை யாரும் கேட்பதில்லை. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி செய்த காலத்து, தந்த நிறக் காகித மைகார்ட்டா நின்றுபோய் எவ்வளவோ காலம் ஆகியும், மிச்சம் இருக்கும் துண்டுகளைப் பழைய பட்டறைக்காரர்கள் பாட்டியின் நகை மாதிரி பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அந்தத் துண்டை ஒரு தட்டுத் தட்டி, ஓசை கேட்டு, உங்கள் சரக்கையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். சட்டை செய்யாதீர்கள். வெள்ளையாக இருக்கிறதா? பூண்தான்.

ஆனால் ஒரே வெள்ளையாக மட்டும் இருந்துவிடக் கூடாது. ஒரு கியூவுக்கு இரண்டு முன்பாதி கொடுப்பது வழக்கம். ஜனவரிச் சரக்கு பால் வெள்ளை, மார்ச் சரக்கு பழுப்பேறிய வெள்ளை என்று வைத்துக்கொண்டால், ஜோடி சேராமல் அவர் மறுபடி ஆர்டர் கொடுப்பார். நடுத்துளை லேசாக ஒதுங்கியிருக்கட்டும். அவர் பூணை மரமுளையில் ஒட்டி, காயவைத்து, வெளியே கடைந்து இறக்கும்போதுதான் ஒரு பக்கம் சுவர் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருப்பது தெரியும். தோல் பந்தைத் தொடும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அடி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். மெல்லிய பக்கத்தில் என்றைக்காவது மயிரிழை போல ஒரு விரிசல் ஓடும், நீலச் சாக்குத்தூள் அதில் இறங்கிக் கோடு போட்டுக் காட்டும். அதற்குள் உங்கள் பில் செட்டிலாகி ஒரு தீபாவளியும் போயிருக்கும்.

தோல் விற்பவருக்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை, இயற்கையே துணை. ஒரே விலங்கின் தோலில்கூட முதுகும் வயிறும் ஒன்றாக இருக்காது. ஐம்பது தோல் உள்ள பெட்டியை வாங்கிய பட்டறைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்: ஒவ்வொன்றாக எடை போடுகிறார், கடினமானி வைத்துக் குத்திப் பார்க்கிறார், மேஜை மேல் போட்டுச் சத்தம் கேட்கிறார். 'டக்' என்றால் ஒரு குவியல், 'தொப்' என்றால் இன்னொரு குவியல். மென்மையான தோலைப் பாலில் ஊறவைத்து, வைஸில் வைத்து நெருக்கி, காயவைத்துக் கெட்டிப்படுத்தும் வைத்தியம்கூட உண்டு. சாக்லேட் மிட்டாய் ஒன்றின் பெயரால் அதை 'மில்க் டட்' என்கிறார்கள். கதையல்ல, உண்மையிலேயே செய்கிறார்கள். வாங்கியவர் பாலும் ஊற்றி வேலையும் பார்க்கத் தயாராக இருக்கும்போது, தரம் பிரித்து விற்பது உங்களுக்கு எதற்கு? இன்னும் துணிச்சல் இருந்தால், அவர் செய்வதை நீங்கள் பார்த்து, 'கையால் தேர்ந்தெடுத்தது' என்று அதே தோலுக்கு இரண்டாவது லேபிள் ஒட்டுங்கள்.

எடை போல்ட்டைப் பற்றி இரண்டு வரி. மரை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் தடிக்குள் வண்டு ரீங்கரிக்கும். அது பின்னா, காலரா, போல்ட்டா, ஒட்டு விட்ட வளையமா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். ரப்பர் குமிழ் வெயிலில் பிசுபிசுக்க வேண்டும், குளிரில் கல்லாக வேண்டும். நடுவில் நிற்பது தரமான ரப்பர், அதைத் தவிருங்கள்.

யாராவது சட்டம் பேசினால் உலகப் பூல் சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் காட்டுங்கள். பந்தின் விட்டம் 2¼ அங்குலம், கூடினால் 0.005 அங்குலம்தான் கூடலாம் என்று பந்தின் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். கியூவுக்கு? நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, முனை 14 மில்லிமீட்டருக்கு மேல் அகலக் கூடாது. உங்கள் மரை அந்தப் புத்தகத்தில் எங்கேயும் மாட்டாது.

புகார் வரும். எடுத்த எடுப்பில், "அப்படியா! வேறு யாருமே சொல்லவில்லையே" என்று ஆச்சரியப்படுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பத்துப் பேரிடமும் சொல்லலாம்; அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும்வரை செல்லும். பிறகு, "அதே மெஷின், அதே டிராயிங், அதே ஆள்" என்று அடியுங்கள். மெஷினின் பேரிங் தேய்ந்ததும், டிராயிங் நகலின் நகலானதும், அந்த ஆள் ஓய்வு பெற்றுப் போனதும் உள்வீட்டு விவகாரம். கூடுதல் விலை கொடுத்துச் சரியான பாகம் வாங்கத் தயார் என்று அவர் சொன்னால் மட்டும் உஷார். பணத்தை வாங்கிவிட்டு இதையே அனுப்ப வேண்டியிருக்கும், அட்டைப்பெட்டிச் செலவு கூடும்.

எல்லாப் பட்டறைக்காரரும் உருட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளும் ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் பொறுமை இழந்து, "என் பின்னை நானே செய்துகொள்கிறேன்" என்று கிளம்புவார். போகவிடுங்கள். மெஷின் ஷாப்பில் ஆயிரம் அடித்தால்தான் கட்டுபடியாகும் என்பார்கள். அவர் வருஷத்துக்குச் செய்வது முப்பது நாற்பது தடி. முதல் ஆயிரம் தங்கமாக இருக்கும். மிச்சத்தை மற்ற பட்டறைகளுக்கு விற்பார், நல்ல பெயர் வாங்குவார், சீக்கிரம் தீர்ந்துபோகும். இரண்டாவது ஆயிரத்துக்கு விலை கேட்கப் போகும்போது, இதைவிடக் கொஞ்சம் மலிவான கம்பி இருக்கிறதா என்று அவரே கேட்பார்.