லக்சம்பர்க் மாப்ளைக்கு நாலு வார்த்தை

வாப்பா மாப்ளே, உக்காரு. லக்சம்பர்க்குல ஃபண்டு நடத்துறியாமே? டெபாசிட் வாங்குறதில்ல, கவுண்டர் கிடையாது, வரிசை கிடையாது. பெரிய பணக்காரங்க, பென்ஷன் ஃபண்டுக போடுற காசைக் கம்பெனிகளுக்கு நேரா வட்டிக்கு விடுறது. நல்ல தொழில்தான். 2008-ல சூடு பட்ட பேங்குக கையைச் சுருக்கிக்கிட்ட எடத்துல நீங்க வந்து உக்காந்தீங்க. குத்தம் சொல்லல.

முந்தியெல்லாம் ஜெர்மனியில கடன் குடுத்தாலே, "பேங்கு லைசென்ஸ் எங்கே?"ன்னு மறிப்பாங்க. 2015-லதான் அந்த ஊரு கண்காணிப்பு ஆபீசு பாஃபினுக்கு மனசு எளகுச்சு. மறுவருஷம் சட்டத்துலயே எழுதிட்டாங்க. அயர்லாந்துக்காரன் வெவரம், 2014-லயே தனி விதி போட்டு வாசலைத் தொறந்து வச்சுட்டான். பேருக்கு ஒரே சந்தை, ஊருக்கொரு விதி. எங்க தோதோ அங்க போர்டு மாட்டச் சொல்லிக் குடுத்தே வக்கீலுக வீடு கட்டிட்டாங்க.

அது பொறுக்காம ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல பொது விதி போட்டுருச்சு. எல்லா நாடும் தங்க சட்டத்துல அதை ஏத்திக்க 2026 ஏப்ரல் 16 கெடு.

அதுல எனக்குப் புடிச்சது ஒண்ணு. குடுத்த கடனை இன்னொருத்தன் தலையில கட்டுனாலும், நூத்துக்கு 5 உன் ஃபண்டுலயே கெடக்கணும். கடன் முடியுற வரைக்கும்; நீண்ட கடன்னா கொறஞ்சது 8 வருஷம். வித்துட்டுப் போறவன் கடன் வாங்குனவனோட கணக்கு நோட்டைப் பொரட்டிப் பாக்க மாட்டான்ல? அதுக்குத்தான். மிச்சம் 95 உன் சாமர்த்தியம். ஆனா விக்கிறதுக்குன்னே கடன் குடுக்குறேன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாத, அதுக்குத் தடை இருக்கு. மனசுல இருக்குறதைச் சட்டம் எப்படிக் கண்டுபுடிக்கும்னு கேக்குறியா? இப்படிக் கேக்கத் தெரிஞ்சவன் பொழச்சுக்குவான்.

அப்புறம், ஃபண்டுப் பணத்துல நீயே கடன் எடுத்துக்கக் கூடாது. உன்கிட்ட வேலை பாக்குறவனுக்கும் குடுக்கக் கூடாது. இதையும் எழுதி வச்சாத்தான் ஆகும்னு அவங்களுக்குத் தோணியிருக்கு பாரு, உங்க மேல அம்புட்டு மரியாதை!

நீயும் வெளிய கடன் வாங்கித்தானே பெருக்குற? அதுக்கும் வரம்பு. பணம் போட்டவன் நடுவுல கேக்க முடியாத ஃபண்டுன்னா, 100 யூரோ சொந்தச் சொத்துக்கு, கடனையும் சேத்து 300 வரைக்கும் நீட்டலாம். கேட்டா திருப்பணும்கிற ஃபண்டுன்னா 175-தான். காசு போட்டவன் வாயைக் கட்டி வச்சா வரம்பு கூடுது, புரியுதா?

வக்கீல் பாவமேன்னு கவலைப்படாத. தனி ஆளுகளுக்கு ஃபண்டு கடன் குடுக்குறதைத் தடுக்கலாமா வேணாமான்னு அந்தந்த நாட்டு இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. ஊருக்கொரு விதி இன்னும் சாகல.

உன் ஃபண்டு 2024 ஏப்ரல் 15-க்கு முந்தினதா? அப்ப அந்த 300, 175 வரம்புக்குள்ள வர 2029 ஏப்ரல் வரைக்கும் அவகாசம் உண்டு. உன்கிட்ட கடன் வாங்குனவனுக்கு நீ அஞ்சு நாள் தவணை குடுத்திருப்பியா மாப்ளே? உனக்கு அஞ்சு வருஷம் குடுத்திருக்காங்க, கும்புட்டு வாங்கிக்க.