மும்பையைப் பார்க்காமல் வருவது எப்படி?

கேள்வி: வரும் தை மாதம் எங்களுக்கு 25-வது திருமண நாள். பிள்ளைகள் மும்பைக்கு மூன்று நாள் போய்வரச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். கூட்டமும் இரைச்சலுமாக இருக்கிற ஊருக்கா திருமண நாளுக்குப் போவது? கொடைக்கானல் போதாதா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: தேனியில் இருந்துகொண்டு கொடைக்கானல் போவதற்குப் பெயர் பயணம் இல்லை, காற்று வாங்குவது. அது இருக்கட்டும். மலைவாசஸ்தலம் புதுமணத் தம்பதிக்கு ஏற்ற இடம். அவர்களுக்குத் தனிமை வேண்டும், ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள இருபது வருடக் கதை கையிருப்பில் இருக்கும். 25 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் அந்தக் கையிருப்பு தீர்ந்து வெகுகாலம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் தனிமைக்கும் பஞ்சமில்லை. பேசப் புதிதாக விஷயம் கிடைப்பதுதான் அரிது. மலையில் மாலை நான்கு மணிக்கு மேகம் இறங்கிவிட்டால் அறைக்குள் உட்கார்ந்து கரண்ட் பில், மகளுக்கு வரன், மாடி வீட்டு வாடகை என்று வீட்டுப் பேச்சையேதான் பேச வேண்டியிருக்கும். பெருநகரம் அப்படி விடாது. நிமிடத்துக்கு ஒரு விஷயத்தைக் கண்முன் கொண்டுவந்து போட்டு, "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கூட்டம் என்கிறீர்கள். தம்பதிகளுக்குக் கூட்டத்தைவிடப் பெரிய மறைவிடம் கிடையாது. சொந்த ஊர்க் கடைவீதியில் ஐம்பது வயதில் கணவனும் மனைவியும் கைகோத்து நடந்தால், வீடு திரும்பும் முன்பே செய்தி வீட்டுக்கு வந்துவிடும். மும்பை மரீன் டிரைவில் கடலைப் பார்த்தபடி சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் ஆறேழு பேர் வசிக்கும் நகரம் அது. அங்கே கடற்கரைச் சுவர்தான் ஜோடிகளின் வரவேற்பறை; பார்க்காதது போல் கடந்துபோவதை ஊரே ஒரு நாகரிகமாகப் பழகிவைத்திருக்கிறது. ஆகவே தாராளமாகப் போங்கள். ஒரே ஒரு நிபந்தனை: மும்பையை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். தென்கோடியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மூன்று நாளும் அங்கேயே இருங்கள்.

கேள்வி: இவ்வளவு செலவழித்துப் போய்விட்டு ஒரு மூலையிலேயே கிடப்பதா? எங்கள் பட்டியல் தயார்: கேட்வே, ஹாஜி அலி, சித்திவிநாயகர், பாந்த்ராவில் ஷாருக் கான் வீட்டு வாசல், ஜூஹு, ஃபிலிம் சிட்டி. இரண்டு நாளில் முடித்துவிட மாட்டோமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: முடித்துவிடலாம். முடிந்துபோவது மும்பையா நீங்களா என்பதுதான் கேள்வி. வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். மும்பை வட்டமான ஊர் இல்லை. வடக்கு தெற்காக நீண்டு, கடலுக்குள் கூர்ந்து இறங்கும் நிலம். கேட்வே தென்கோடியில் இருக்கிறது. உங்கள் பட்டியலில் மற்றதெல்லாம் வடக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. ஜூஹுவே ஏறத்தாழ 25 கிலோமீட்டர், ஃபிலிம் சிட்டி அதற்கும் அப்பால் கோரேகாவில். இந்த நீளத்தைத்தான் ஊர்மக்கள் அத்தனை பேரும் தினமும் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கடக்கிறார்கள். அந்த நெரிசலில் நீங்களும் சேர்ந்தால் திருமண நாளின் பெரும்பகுதி டாக்ஸியின் பின் இருக்கையில், ஆளுக்கொரு ஜன்னலும் ஆளுக்கொரு செல்பேசியுமாகக் கழியும். ஷாருக் கான் வீட்டு வாசலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு வாசல்.

இப்போது நான் சொல்லும் மூலையைப் பாருங்கள். கேட்வே ஆஃப் இந்தியா, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டு 1924-ல் முடிந்தது. மன்னரை வரவேற்கக் கட்டிய வாசல் வழியாகத்தான் 1948-ல் கடைசி பிரிட்டிஷ் படை வெளியேறியது. அதை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்டின் இன்னொரு படைப்பான அருங்காட்சியகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. பக்கத்திலேயே ஜஹாங்கீர் கலைக்கூடம். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஓவல் மைதானம், அதைத் தாண்டினால் மரீன் டிரைவ். கோட்டைப் பகுதி வழியாக நடந்தால் 1888-ல் முடிந்த சத்ரபதி சிவாஜி ரயில் முனையம். இன்றைக்கும் லட்சக்கணக்கானவர்கள் அவசரமாக ஓடிக்கொண்டிருக்கும் அரண்மனை. அந்த நிலையத்தை 2004-லும், ஓவல் மைதானத்தின் இருபுறக் கட்டடங்களை 2018-லும், கேட்வேயிலிருந்து படகேறிப் போகும் எலிஃபெண்டா குகைகளை 1987-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகமே தேடிவரும் மூன்று இடங்கள் நடைத் தொலைவிலும் ஒரு படகுத் தொலைவிலும் இருக்கின்றன. இதற்குப் பெயர் மூலையில் கிடப்பதென்றால், கிடக்கலாம்.

கேள்வி: நீங்கள் பழைய மும்பையைச் சொல்கிறீர்கள். இப்போது சுரங்க மெட்ரோ வந்துவிட்டது. அந்தேரியில் மலிவாக அறை எடுத்துக்கொண்டு தினமும் தெற்கே வந்துபோனால் என்ன? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: நியாயமான மறுப்பு. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை சுமார் 33 கிலோமீட்டர் நீளும் மூன்றாம் மெட்ரோ தடம் 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. விமான நிலையத்தில் ஏறினால் சர்ச்கேட்டில் இறங்கலாம். போக்குவரத்து நெரிசல் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்கும். வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை கட்டாயம் அதைப் பயன்படுத்துங்கள். லோக்கல் ரயிலைவிட அது வசதி. லோக்கலில் மகளிர் பெட்டி தனி, பொதுப்பெட்டியில் மூச்சுவிட இடமிருக்காது. திருமண நாளன்று ஆளுக்கொரு பெட்டியில் பிரிந்து போக வேண்டியிருக்கும்.

ஆனால் மெட்ரோ வந்துவிட்டது என்பதற்காகத் தினமும் வந்துபோகலாம் என்கிற உங்கள் வாதம் எடுபடாது. தெற்கே கொலாபாவிலும் கோட்டைப் பகுதியிலும் அறை வாடகை கூடுதல், அறையும் சிறியது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கூடுதல் பணத்தில் நீங்கள் வாங்குவது சதுர அடி இல்லை, மத்தியானத் தூக்கம். காலையில் சுற்றிவிட்டு, வெயில் ஏறியதும் அறைக்கு வந்து சாய்ந்து, ஐந்து மணிக்குப் புது வேட்டி, புதுப் புடவையோடு மறுபடி கிளம்புவது அறை பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். அந்தேரியில் தங்கினால் காலையில் கிளம்பியவர்கள் இரவுதான் திரும்ப முடியும். மாலைக்கான உடுப்பைப் பையில் சுமந்துகொண்டு அலைய வேண்டும். நடந்து களைத்தாலும் கவலையில்லை. தென் மும்பைக்குள் ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸி உண்டு. சின்னத் தூரத்துக்கு மீட்டர் போட்டுப் போகலாம். வாடகையைக் குறைக்க வேண்டுமானால் நாளைக் குறையுங்கள். மூன்று நாள் தூரத்தில் தங்குவதைவிட இரண்டு நாள் பக்கத்தில் தங்குவது மேல்.

கேள்வி: என் கணவருக்குப் பழைய கட்டடம், ரயில் என்றால் உயிர். எனக்குத் துணிக்கடை, நல்ல சாப்பாடு. ஒரே இடத்தில் மூன்று நாள் என்றால் முதல் நாளே சண்டை வந்துவிடாதா? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: ஓவல் மைதானத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் உயர் நீதிமன்றமும், 1878-ல் முடிந்த ராஜாபாய் மணிக்கூண்டும், கூர்கோபுரங்களும் சிற்ப வேலைப்பாடுகளுமாக விக்டோரியா காலத்து ஆடம்பரம். எதிர்ப்பக்கம் 1930-களில் வளைவும் நேர்கோடுமாக எழுந்த ஆர்ட் டெக்கோ குடியிருப்புகள். குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை; இருந்தும் எண்பது வருடத்துக்கு மேலாக எதிரெதிரே நிற்கின்றன, சேர்ந்துதான் உலகப் பட்டியலிலும் இடம் பிடித்தன. நடுவில் மைதானம் இருப்பதுதான் ரகசியம். நீங்களும் தினமும் இரண்டு மணி நேரம் மைதானம் விடுங்கள். அவர் ரயில் முனையத்தின் சிற்பங்களை அண்ணாந்து பார்க்கட்டும். நீங்கள் கொலாபா காஸ்வேயில் பேரம் பேசுங்கள். பகல் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளலாம். பல்லார்டு எஸ்டேட்டில் 1923 முதல் நடக்கும் பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ், அல்லது 1904-ல் தொடங்கிய கயானி இரானிக் கடையில் பன் மஸ்காவும் சாயாவும். பிரிந்து சுற்றிவிட்டு வந்தவர்களிடம்தான் சாப்பாட்டு மேஜையில் சொல்ல விஷயம் இருக்கும். சிறிய வட்டத்துக்குள் தங்கச் சொல்வதன் காரணமும் இதுதான்: பக்கம் பக்கமாக இருந்தால்தான் பயமில்லாமல் பிரியலாம்.

ஒரு நாள் மட்டும் சேர்ந்தே இருங்கள். அது எலிஃபெண்டாவுக்கான நாள். காலைப் படகில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தீவு. பிறகு நூற்றுக்கு மேல் படிகள், மூட்டுவலிக்காரர்கள் நிதானமாக ஏறலாம். எல்லோரும் மூன்று முக சதாசிவத்தின் முன்னால் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் பார்க்க வேண்டியவை மற்ற சிற்பங்கள். சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடக்கிறது; கயிலையில் குடித்தனம் நடத்துகிறார்கள்; இராவணன் வந்து வீட்டையே ஆட்டிப் பார்க்கிறான்; இருவரும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாக அர்த்தநாரியாகவும் நிற்கிறார்கள். ஒரு தாம்பத்தியத்தின் முழு வரலாறும் ஒரே குகைக்குள். உங்கள் வீட்டை ஆட்டிய இராவணன் யார் என்பதைப் படகில் திரும்பும்போது பேசிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: டோம்பிவிலியில் சித்தி இருக்கிறார். மும்பை வரை போய்விட்டு வீட்டுக்கு வராமல் போனால் ஜென்மத்துக்கும் பேசமாட்டார். அப்படியே ஷிர்டியும் ஒரு எட்டு போய்வரலாம் என்கிறார் என் கணவர். (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் திட்டத்துக்கு வந்திருக்கும் உண்மையான ஆபத்து இதுதான், மற்றக் கேள்விகளெல்லாம் வெறும் தயக்கம். டோம்பிவிலி தென் மும்பையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். "ஒரு காபி குடித்துவிட்டுப் போ" என்பது சாப்பாடாகி, சாப்பாடு இரவுத் தங்கலாகும். சித்தியின் மனமும் நோகக் கூடாது என்பதால் ஒரு வழி சொல்கிறேன். கடைசி நாள் பகலில் அவரையும் சித்தப்பாவையும் மாட்டுங்காவுக்கு வரச் சொல்லுங்கள். டோம்பிவிலியிலிருந்து ஸ்லோ லோக்கல் நேரே வரும். நீங்கள் விமான நிலையம் போகும் திசையும் அதுதான். வேலை தேடி வந்த தமிழர்கள் வேரூன்றிய பேட்டை அது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் அங்கேதான் பள்ளி தொடங்கியது. ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே ராமா நாயக் உடுப்பியில் இலைச் சாப்பாடு உண்டு. மும்பை போயும் ரசம் சாதமா என்று கேட்காதீர்கள். அந்தச் சாப்பாடு உங்களுக்கில்லை, சித்திக்கு.

ஷிர்டி "ஒரு எட்டு" தூரம் இல்லை. 240 கிலோமீட்டர், வந்தே பாரத் ரயிலிலேயே போக ஐந்து மணி நேரத்துக்கு மேல். மிச்சமிருக்கும் நேரத்தைத் தெய்வத்துக்குக் கொடுப்பது பக்தியும் ஆகாது. அதற்கென்று தனியாக ஒரு பயணம் வையுங்கள். கும்பிட்டே ஆக வேண்டுமென்றால் மரீன் டிரைவ் வடக்கே முடியும் சௌபாட்டி அருகில் பாபுல்நாத் சிவன் இருக்கிறார். சுமார் மூன்றரை கிலோமீட்டர் கடற்காற்றில் நடந்துபோய்க் கும்பிட்டால் பலன் கூடுதல்.

கேள்வி: எங்களுக்கு ஆவணியில் கல்யாணம். அந்தத் தேதியிலேயே போனால்தானே அது திருமண நாள்? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: தையில் தாலி கட்டியவர்கள் பாக்கியசாலிகள், மும்பையின் நல்ல பருவமும் அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை கொட்டும். கடல் கொந்தளித்தால் எலிஃபெண்டாவுக்குப் படகு போகாது. ஆவணி பிறந்தால் விநாயகர் சதுர்த்தியும் வந்துவிடும். பத்து நாள் ஊரே தெருவில் நிற்கும். சிலை கரைக்கும் நாளில் சௌபாட்டிப் பக்கம் நடக்கவும் வழி கிடைக்காது. முகூர்த்த நாள் குறித்தவர் காரைக்குடியின் வானத்தைப் பார்த்துக் குறித்தார். அரபிக்கடலைக் கேட்டுக் குறிக்கவில்லை. தேதியன்று வீட்டில் பாயசம் வையுங்கள், பயணத்தைத் தைக்குத் தள்ளுங்கள். திருமணம் தேதியோடு நடந்தது உண்மைதான். அதைக் கொண்டாட வருடத்தில் எந்த வாரமும் ஆகும்.

கேள்வி: திரும்பி வந்ததும் "ஜூஹு பார்த்தீர்களா, அதைப் பார்த்தீர்களா?" என்று அக்கம்பக்கத்தில் துருவுவார்களே, என்ன சொல்வது? (மீண்டும் அதே ஈரோடு வாசகர்)

பதில்: "26-வது வருடத்துக்கு வைத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு உங்கள் மனைவி சிரித்தால் பயணம் நன்றாக நடந்திருக்கிறது.