கண்ணளவு

எங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்பு போடுவது நான். கரண்டியெல்லாம் கிடையாது, கைதான். கண்ணளவு போதும் என்பது என் கொள்கை. சுவரில் படம் மாட்டினாலும் அப்படித்தான். அதனால் எங்கள் வரவேற்பறையில் முருகன் லேசாகச் சாய்ந்தபடியே அருள்பாலிக்கிறார். இப்படிப்பட்டவன் கையில்தான், அளப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கருவி வந்து சிக்கியது.

அந்தக் கருவி இருந்த வண்டி, 1972ஆம் வருடத்து ட்ரையம்ஃப் டிஆர்6. பிரிட்டனில் நான் பிழைக்க வந்த இதே கோவென்ட்ரியில், கான்லி ஆலையில் பிறந்தது. எங்கள் குடும்பத்துக்கும் ட்ரையம்ஃபுக்கும் பழைய உறவு உண்டு. அவர்களுடைய ஹெரால்டு காரைத்தான் 1961 முதல் மதராஸில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று தயாரித்தார்கள். அப்பா அதில் ஒன்றை இருபது வருடம் ஓட்டினார். கார்புரேட்டரைப் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ‘தினமணி’யை விரித்து, கழற்றியதையெல்லாம் இடமிருந்து வலமாக அடுக்கி, பக்கத்தில் பென்சிலால் எண் போடுவார். அந்த வரிசையை மிதித்துவிடாமல் தாண்டிப் போனதுதான் மெக்கானிக் வேலையில் நான் பெற்ற ஒரே பயிற்சி.

டிஆர்6-ல் கார்புரேட்டரே இல்லை. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்குத்தான் அது. பிரிட்டனில் விற்றவற்றுக்கு, 1967இல் வந்த டிஆர்5 தொட்டே, லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். அதே 1967இல் சான்ட்வோர்ட் கார் பந்தயத் தடத்தில், தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்கை ஜெயிக்கவைத்த காஸ்வொர்த் டிஎஃப்வி இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டியதும் லூகாஸ் இன்ஜெக்‌ஷன்தான். இந்தத் தகவலை விருந்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். சிலரிடம் இரண்டு முறை.

டிக்கியில் இருக்கும் மின்சாரப் பம்பு, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். அதை ஆறு சிலிண்டருக்கும் பங்கு போடுவது ‘மீட்டரிங் யூனிட்’. எஃகு உறைக்குள் ஒரு ரோட்டர் சுழல்கிறது. ரோட்டரின் நடுத்துளைக்குள் ‘ஷட்டில்’ என்ற சின்ன உருளை. இந்தப் பக்கம் நுழையும் பெட்ரோல் ஷட்டிலைத் தள்ள, அந்தப் பக்கம் இருக்கும் பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குப் போகும். அடுத்த முறை அங்கிருந்து இங்கே. ஷட்டில் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவுதான் பெட்ரோல். அந்தத் தூரத்தைக் கூட்டிக் குறைப்பது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். அடித்தட்டு ஏறி இறங்கும் உழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், இந்த உழக்கு நிமிடத்துக்கு 15,000 தடவை அளந்து ஊற்றுகிறது. ஒருநாளும் அது கண்ணளவில் ஊற்றியதில்லை.

அதிலிருந்து பெட்ரோல் கசிந்தது. ஐம்பது வயது ரப்பர், கசியத்தான் செய்யும். ‘நாலு ஓ-ரிங் மாற்றினால் தீர்ந்தது’ என்று சமையலறை மேசையில் பிரித்தேன். அப்பாவைப் போல அடுக்கவில்லை; எவர்சில்வர் தட்டு ஒன்றில் கொட்டினேன். அதுதான் செல்போனில் படம் எடுத்திருக்கிறோமே! பிறகு பார்த்தால் படத்தில் பாதி என் கட்டைவிரல்.

“ஏங்க, ஊறவெச்ச உளுந்துல பெட்ரோல் வாசம் வருது” என்றாள் மனைவி. நானும் தட்டும் தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தோம்.

ஓ-ரிங்கை வாங்கியது தண்ணீர்க் குழாய் சாமான் விற்கும் கடையில். அளவை எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பெட்ரோலைத் தாங்க ‘வைட்டான்’ ரப்பர் வேண்டும். பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலிலேயே பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அதையும் தாங்க வேண்டும். தண்ணீருக்குப் பிறந்த என் வளையங்கள் மூன்றாம் நாள் சாம்பார் வடைபோல ஊறி உப்பிவிட்டன. மறுபடி பிரித்து, இந்த முறை சரியானதை வாங்கிப் போட்டேன்.

ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் நின்ற இடத்தில் திக்கித் திணறியது. வெயில் காலத்தில் டிக்கிப் பம்பு சூடேறினால் அதன்மேல் உறைந்த பட்டாணிப் பையை வைப்பது, இந்த வண்டிக்காரர்கள் மத்தியில் பிரபலமான கைவைத்தியம். வைத்துப் பார்த்தேன். மாதம் நவம்பர், வெளியே நாலு டிகிரி. பட்டாணி கொஞ்சம்கூட உருகவில்லை. அன்றைய குருமா மட்டும் லேசாக மணத்தது.

உண்மையான காரணம் எளியது. ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் மேலே இருக்கும்போது யூனிட்டைப் பொருத்த வேண்டும். பிஸ்டனோ ஒரு சுழற்சியில் இரண்டு முறை மேலே வரும். எந்த முறை என்று வால்வைப் பார்க்காமல், ஸ்பார்க் பிளக் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, “மேலதான் இருக்கு” என்று முடிவு கட்டியிருந்தேன். ரோட்டர் அரைச்சுற்று தள்ளி நின்றது. அதைத் திருத்தினேன். திணறல் குறைந்தது, போகவில்லை.

கடைசியில் இதற்கென்றே இருக்கும் ஒரு பட்டறைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். சோதனை மேடையில் யூனிட்டைப் பூட்டி ஓட்டினார். எதிரே ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஆறிலும் ஒரே மட்டத்துக்கு நிரம்ப வேண்டும். என்னுடையவை வகுப்பு போட்டோவில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றன.

“இதைக் கடைசியாகப் பிரித்தது யார்?” என்று கேட்டார்.

“இதற்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர்” என்றேன்.

வாய் கூசவே இல்லை. அவர் தலையாட்டிவிட்டு ரோட்டரை உருவினார். ரோட்டருக்கும் உறைக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு. அங்கே பெட்ரோலேதான் மசகெண்ணெய், தூசுக்கு இடமே கிடையாது. இடுக்கியால் எதையோ பிடித்து வெள்ளைத்தாளில் வைத்தார். அரை அங்குல நூல், பச்சை. பக்கத்தில் வெள்ளையாய் இரண்டு இழை.

எனக்குத் தெரிந்த நூல்தான். ஊரிலிருந்து வரும்போது அப்பா கொடுத்தனுப்பிய பழைய வேட்டி. துடைக்க அதைத்தான் கிழித்தேன். கரைப்பக்கமாக.

“முன்னால் வைத்திருந்தவர் நல்ல பருத்தித் துணி உடுத்துவார் போலிருக்கிறது” என்றார் பெரியவர். முகத்தில் சலனமே இல்லை.

இப்போது வண்டி ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவுக்குச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், “சுத்தமா ஓடுதுடா. நீயேவா பிரிச்சே?” என்றார்.

“நானேதாம்பா பிரிச்சேன்” என்றேன்.

அதில் பொய் இல்லையே.