அதிசயத்துக்குப் பெரிய கேமராவோடு போவது எப்படி?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் போனால், ஊருக்குள் நுழையுமுன் பரவையில் இருக்கிறது அதிசயம் தீம் பார்க். சுற்றுவது, சறுக்குவது எதைப் பார்த்தாலும் வயிறு கலங்கும் குடும்பத் தலைவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள்.

1. எடையில் கஞ்சத்தனம் கூடாது. செல்போன் 200 கிராம். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டு, உங்களையும் தண்ணீருக்குள் இழுத்துவிடுவார்கள். கேனான் 5டி மார்க் 4 கேமரா 890 கிராம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதைத் தொங்கவிட்டிருப்பவரை யாரும் இழுக்கமாட்டார்கள்.

2. ஒத்திகை பாருங்கள். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கட்டத் தொடங்கிய நம் மலைக்கோட்டையில் கேமராவோடு ஏறுங்கள். பாதியிலேயே பின்கழுத்து பேசும். உடனே வாரைக் கழற்றி, கண்டக்டர் பை மாதிரி குறுக்கே போடுங்கள். கேமரா இடுப்பை ஒட்டி, லென்ஸ் தரையைப் பார்த்தபடி தொங்கட்டும். வாரை லென்ஸின் ட்ரைபாட் வளையத்தில் கோத்தால் மவுண்ட் இழுபடாது. ட்ரைபாடை வீட்டிலேயே விடுங்கள். தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் கோட்டைக்குள் அதை விரிக்க முடியாது.

3. ஆரப்பாளையம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடியுங்கள். கேமராப் பையைப் போட்டால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினால் பையை மடியில் வைக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இடமில்லை.

4. "லாக்கர்ல வச்சுட்டு வாங்கப்பா" என்பாள் மகள். ஆபத்தான கட்டம் இது. "நம்மூர் மாங்காப் பூட்டா இருந்தா நம்பி வைக்கலாம். 2019-லயே புவிசார் குறியீடு வாங்குனது. இது என்ன பூட்டோ!" என்று உதட்டைப் பிதுக்குங்கள். பூட்டு விஷயத்தில் திண்டுக்கல்காரரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

5. அலைக்குளத்தின் கரையில் தள்ளி நில்லுங்கள். 200 மி.மீ. எதற்கு இருக்கிறது? குளோரின் தண்ணீர் தெறித்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கரையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்ததும் ஆறு ஜோடி செருப்பு, நாலு செல்போன், கைக்கடிகாரங்கள், அழுகிற குழந்தை எல்லாம் உங்களிடம் வந்து சேரும். முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தப்பித்ததற்கான கட்டணம் அது.

6. கடைசியாக மைத்துனர் வருவார். "மச்சான், குடுங்க நான் வச்சுக்கறேன். நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க." பதறாதீர்கள். "ஒன்னைய எடுக்கத்தானே மாப்ள இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தேன்! ஏறு. நல்லாக் கத்து, மூஞ்சி தெளிவா விழணும்" என்று அனுப்புங்கள். மசியாவிட்டால், "அத்தை தனியா நிக்கிறாங்களே" என்று மாமியாரைக் காட்டுங்கள். அவரும் பயந்துதான் கரையில் நிற்கிறார், உங்களைக் காட்டிக்கொடுக்கமாட்டார்.